ஆறு மணி வரை பேசாதே, ஃபிடெல்மா!

டெலிபோன் அலறியது.

ஃபிடெல்மா அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

எடுத்து என்ன பிரயோஜனம்...? வாய் தவறி ‘ஹலோ’ என்றால் தீர்ந்தது. ஊர்க்காரர்கள் கொடுப்பதாகச் சொன்ன காசு அவரவர் பாக்கெட்டிலேயே தங்கிவிடும்.

கில்பிராக் கடைத்தெருவில் இருந்தது அவளுடைய பார்லர். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது.

‘இன்று மாலை ஆறு மணி வரை பேச மாட்டேன்.’

வெளியே கும்பல்!

இருக்காதா பின்னே? அயர்லாந்தின் மேற்குக் கோடியில் மழையை விட்டால் வேறென்ன வேடிக்கை? அதிலும் ஃபிடெல்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், கைக்குழந்தையைக்கூடத் தூக்கி வந்து காட்ட வேண்டிய காட்சி. அவளிடம் முடி வெட்டிக்கொண்டு எழுந்தால் தலை அழகாகிவிடும், காது ஓய்ந்துவிடும் என்று ஊருக்கே தெரியும்.

அதனால்தான் இந்தப் பந்தயம். கறிக்கடைக்காரரிலிருந்து பாதிரியார் வரை ஆளுக்கொரு தொகை எழுதியிருந்தார்கள். காலையிலிருந்து மாலை ஆறு மணிக்கு, மாதா கோயிலில் மூன்று வேளையும் அடிக்கும் திரிகால மணி கேட்கும் வரை அவள் பேசாமல் இருந்தால் காசு. ஒரே ஒரு வார்த்தை உதிர்ந்தாலும் ஒன்றும் கிடையாது.

காசு எதற்கு...?

தான்சானியாவுக்கு ஒரு விமான டிக்கெட் வாங்க. அங்கே ஒரு குழந்தைகள் இல்லம். ‘சாப்பாடும் படுக்கையும் எங்கள் பொறுப்பு. வந்து சேரும் செலவு உங்களுடையது’ என்று எழுதியிருந்தார்கள்.

அவளுக்கு எழுதவில்லை. அவள் மகள் ஓர்லாவுக்கு எழுதியிருந்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், அந்த டிக்கெட்டுக்குக் காசு சேர்க்க ஓர்லா கோயில் ஹாலில் வினாடி வினா நடத்தினாள். முடித்துவிட்டு மழையில் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பினாள். பால் பண்ணை வளைவில் ஒரு கார் அவளை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவளுக்கு இருபத்திரண்டு வயசு.

அடித்தவன் இன்றுவரை அகப்படவில்லை.

மகள் போக இருந்த இடத்துக்குத் தாயாவது போக வேண்டும். அவ்வளவுதான் ஃபிடெல்மாவுக்கு வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட வேண்டும்.

டெலிபோன் விடாமல் அலறியது.

கேக் தட்டோடு உள்ளே வந்தாள் பெர்னி. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி.

“அடியே, எடுத்துக் காதுல வை. பேசினாத்தான தப்பு? மூச்சு விடறதுக்கா காசு பிடிக்கப் போறாங்க?”

ஃபிடெல்மா முறைத்தாள்.

“உன் வீட்டுக்காரர் மாலக்கி இன்னிக்கு வீட்ல காலை நீட்டித் தூங்குவாரு. பாவம், கல்யாணம் ஆனதிலேர்ந்து மனுஷனுக்கு இன்னிக்குத்தான் லீவு. உங்க பிராண்தான் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிச்சதும் ஊளையிட்டு எழுப்பிவிடும். ஊர்ல எந்த நாய்க்கு இருக்கு இந்த பக்தி?”

வாசலில் உண்டியல் வாளியோடு நின்ற போலீஸ் சார்ஜென்ட் டியர்னி சிரித்தார்.

“ஃபிடெல்மா, நீங்க தோத்துருவீங்கன்னு ஸ்டேஷன்ல எல்லாரும் சொல்றாங்க. நான் மட்டும்தான் உங்க பக்கம். மானத்தைக் காப்பாத்துங்க.”

பெர்னி கேக் விற்கப் போனாள். ஃபிடெல்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது.

பிறகு, ஒரு கிசுகிசுப்பு...

“பேச வேண்டாம். பேசினா வச்சிருவேன். அப்புறம் இந்த ஜன்மத்துக்கும் தைரியம் வராது.”

ஃபிடெல்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“பேச முடியாதுன்னு தெரிஞ்சுதான் இன்னிக்குக் கூப்பிடறேன். கேட்டா மட்டும் போதும்...”

மூச்சு இழுபட்டது.

“ஓர்லாவை அடிச்ச கார்... என்னோடது.”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

இரண்டு வருடமாக அவள் கேட்காத ஆளில்லை. முடி வெட்ட வந்த ஒவ்வொருவனையும் கேட்டாள். நீ அன்னிக்கு எங்க இருந்தே? யாரு அந்த வழியா வந்தா? அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும் என்று கறுவினாள். கிடைத்துவிட்டான். அவள்தான் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள்!

டிக்கெட் போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஒரு சொல் சொன்னால் இவன் போய்விடுவான்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். மேஜையில் கிடந்த புருவப் பென்சிலை எடுத்தாள். கழுத்து அட்டையைத் திருப்பி, கோணல் மாணலாக எழுதினாள்.

‘ஓர்லாவைக் கொன்றவன் பேசுகிறான்.’

கண்ணாடியைத் தட்டினாள். டியர்னி பார்த்தார். சிரிப்பு நின்றது. வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து, அவள் தலையோடு தலை ஒட்டி ரிசீவரில் காதை வைத்தார்.

“அன்னிக்கு நான் குடிச்சிருந்தேன்” என்றது கிசுகிசுப்பு. “வண்டி ஓட்டற நிலைமையில இல்லன்னு வீட்ல சொன்னேன். காதுல விழல. கிளம்பிட்டேன். மழை... வளைவுல என்னமோ இடிச்சுது. மான்னு நினைச்சேன். சத்தியமா மான்னுதான் நினைச்சேன். இறங்கிப் பார்க்கப் பயம். குடிச்சிருந்தேனே...”

‘யாரு?’ என்று டியர்னி உதட்டை அசைத்தார்.

ஃபிடெல்மா தெரியாது என்று தலையாட்டினாள். ஊரில் யார் குரல் என்றாலும் சொல்லிவிடுவாள். ஆனால் இந்தக் கிசுகிசுப்புக்கு ஆண் பெண்ணே தெரியவில்லை.

“திரும்பி வரும்போதுதான் இறங்கினேன். அவ மஞ்சக் கோட்டு தெரிஞ்சுது. மூச்சு இல்ல. கையைப் பிடிச்சுப் பார்த்தேன்... இன்னும் சூடா இருந்துச்சு.”

ஃபிடெல்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதால் சத்தம் வரும். சத்தம் வந்தால் வைத்துவிடுவான். பெற்ற மகளுக்காக அழக்கூட விடாமல் கட்டிப்போட்டுவிட்டார்கள் அவளை!

அப்போது கோயில் மணி அடித்தது.

நடுப்பகல் திரிகால மணி. ஜன்னல் வழியாக இந்தக் காதில். ரிசீவர் வழியாக அந்தக் காதில். கூடவே...

ஊவ்வ்வ்வ்...

ஒரு நாய், மணிக்கு ஏற்ற மாதிரி நீளமாக ஊளையிட்டது.



பிராண்!

கொலைகாரன் அவள் வீட்டுக்குள்ளிருந்து பேசுகிறான். வீட்டில் மாலக்கி தனியாக இருக்கிறார்!

ரிசீவரை நாற்காலியில் போட்டாள். ஓடினாள்.

கும்பல் விலகியது. “ஏய், தோத்துட்டா! எழுந்து ஓடறா!” என்று எவனோ கத்தினான். டியர்னி பின்னாலேயே ஓடி வந்தார்.

“என்ன? யாரு? சொல்லித் தொலைங்களேன்!”

அவள் மேட்டுத் தெருவைக் கையால் காட்டினாள்.

“உங்க வீடா? உங்க வீட்லேர்ந்தா பேசறான்?”

தலையாட்டினாள்.

“ஐயோ... மாலக்கி?”

டியர்னி லத்தியை உருவிக்கொண்டு அவளை முந்தினார்.

வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. படியில் பிராண் படுத்திருந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டியது.

அந்நியன் உள்ளே இருந்தால் இது வாலையா ஆட்டும்...?

டியர்னிக்கு அது உறைத்தது. லத்தி மெல்லத் தாழ்ந்தது.

உள்ளே, சமையலறையில், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி மாலக்கி உட்கார்ந்திருந்தார். தனியாக! காதில் ரிசீவர். மேஜையில் ஆறிப்போன டீ.

கடைத்தெருவில், காலி நாற்காலியில் கிடக்கும் ரிசீவரிடம் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

“...நூறு தடவை சொல்ல வாயெடுத்தேன் ஃபிடெல்மா. நீ பேசிட்டே இருந்தே. ‘அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்’னு சொல்வே. நான் பக்கத்துல உக்காந்து சூப் குடிச்சிட்டிருப்பேன்.”

ஃபிடெல்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. கல்யாணமாகி முப்பது வருடத்தில் ‘டீ ஆறிப்போச்சு’ என்பதுதான் அவருடைய பெரிய வாக்கியம். குரல் எப்படித் தெரியும்?

“அன்னிக்குச் சாவு வீட்லேர்ந்து வந்ததுமே சொன்னேனே... விஸ்கி உள்ள போயிருச்சு, வேற யாரையாவது அனுப்புன்னு. ‘பொண்ணு மழையில நனையறா, போய்க் கூட்டிட்டு வாங்க’ன்னு சாவியைக் கையில திணிச்சே. ஹாலுக்குப் போனேன். சைக்கிள்ல கிளம்பிட்டாளேன்னாங்க. அப்பதான் புரிஞ்சுது மான் இல்லன்னு... உன் மேல தப்பில்ல ஃபிடெல்மா. நீ கேட்கல, அவ்வளவுதான். சத்தமா சொல்லியிருக்கணும் நான்.”

ஞாபகம் வந்தது.

சாவியைத் திணித்தபோது அவர் ஏதோ சொன்னார். அவள் பேசிக்கொண்டிருந்தாள். பெர்னி வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி. அவர் என்ன சொன்னார் என்று திரும்பக்கூடக் கேட்கவில்லை. அவர் போனார். திரும்பி வந்து, ‘ஹால்ல அவ இல்ல’ என்றார். அவள் அதற்கும் ஒரு பாட்டு விட்டாள்.



பிராண் உள்ளே வந்து மாலக்கியின் காலை நக்கியது. அவர் திரும்பினார். பார்த்தார்.

ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

டியர்னி லத்தியை மேஜையில் வைத்தார்.  

“இந்த வட்டாரத்துல இருக்கற அத்தனை காரோட முன்பக்கத்தையும் குனிஞ்சு பார்த்தேன் மாலக்கி. ஒரு காரைத்தான் பார்க்கல.”

“தெரியும்.”

“சவப்பெட்டிக்குப் பின்னாடி வந்த காரை எவன் குனிஞ்சு பார்ப்பான்?”

“அதுக்கப்புறம் அதை நான் தொடல. வித்துட்டேன். துக்கத்துல ஓட்டறதை விட்டுட்டேன்னு நீங்கள்லாம் சொன்னீங்க.” மாலக்கி எழுந்தார். “அதுவும் பொய்யில்ல.”

ஃபிடெல்மாவின் எதிரில் வந்து நின்றார்.

“ஒரு வார்த்தை பேசு. திட்டு. காறித் துப்பு. எதுனாலும் பண்ணு.”

அவள் பேசவில்லை.

ஆணியில் மாட்டியிருந்த அவருடைய கோட்டை எடுத்தாள். தோளில் போட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்குப் போடுவது போல ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தான் துளையில் நுழையவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

மாலக்கி அவள் முகத்தையே பார்த்தார். திடீரென்று ஞாபகம் வந்தவராகத் தலையாட்டினார்.

“அட ஆமா... ஆறு மணி வரைக்கும் பேசக் கூடாதுல்ல? பேசிராத. டிக்கெட் போயிரும். நீ அங்க போகணும் ஃபிடெல்மா, அவ இடத்துக்கு யாராவது போயே ஆகணும். ஆறு மணிக்கு அப்புறம் ஸ்டேஷனுக்கு வா. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. நான் கேட்டுக்கறேன்.”

டியர்னி அவரை நடத்திக் கூட்டிப் போனார். விலங்கு போடவில்லை.

ஃபிடெல்மா கடைக்குத் திரும்பினாள். ரிசீவரை எடுத்து வைத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்து அட்டையை மறுபடி நேராகத் திருப்பிக்கொண்டாள்.

சேதி ஊருக்குள் பரவ எவ்வளவு நேரமாகும்? கும்பல் கரைந்தது. கூச்சல் நின்றது. கறிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து, எழுதியதற்கு மேலேயே வாளியில் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

மணி ஆறு.

கோயில் மணி அடித்தது. மேட்டுத் தெருவிலிருந்து பிராண் ஊளையிட்டது.

பெர்னி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

“ஆறு அடிச்சாச்சுடி. ஜெயிச்சுட்டே. டிக்கெட் வாங்கிரலாம். இப்ப பேசு... கத்து. அழு. இப்படி உக்காந்திருக்காத, எனக்குப் பயமா இருக்கு.”

ஃபிடெல்மா அட்டையைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள். எழுந்தாள். ஸ்டேஷனை நோக்கி நடந்தாள்.

மாலக்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோட்டின் கடைசிப் பொத்தான் இன்னும் போடப்படவில்லை. அவளைப் பார்த்ததும், திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

“மணி ஆறாயிருச்சா...?”

தலையாட்டினாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். ‘சொல்லுங்க’ என்பது போல.

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். மெதுவாக, தடுமாறி, மாலக்கி பேச ஆரம்பித்தார். ஓர்லா சைக்கிள் கற்றுக்கொண்ட நாளிலிருந்து.

டியர்னி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாகியிருந்தது. ஃபிடெல்மா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் ஆறு மணி வரைக்கும்தான் காசு கொடுத்திருந்தது. அதற்கு மேல் ஆன மௌனம்... மாலக்கிக்கு இலவசம்!