நீலக் காரில் புகை

“திருட்டுப் பயலே!”

போன் வழியாகவே அறைந்தாள் டார்லீன். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான் காரெட் விட்லோ. அமெரிக்காவின் டொலீடோ நகரில் அடுத்தவர்களுக்கு வரிக் கணக்கு எழுதித் தந்து பிழைப்பவன்.

“மெதுவா பேசுங்க மேடம்...”

“என்னய்யா மெதுவா? ஊரான் வீட்டு நாயையெல்லாம் குளிப்பாட்டி முடி வெட்டிப் பிழைக்கிறவ நான்! மின்சாரக் கார் வாங்கினா கிடைக்கிற சலுகை மொத்த வரியையும் முழுங்கிடும்னியே! வருமான வரி மட்டும்தான் போச்சு. சொந்தத் தொழில் பண்றவங்க தனியா கட்டற சுயதொழில் வரி மலை மாதிரி அப்படியே நிக்குது! சலுகை அதைத் தொடவே தொடாதாமே!”

“அது வந்து...”

“நாளைக்குக் காலையில வரி ஆபீஸ்ல புகார் குடுக்கறேன். உன் டவுசரைக் கழட்டாம விடமாட்டேன்!”

டக்!

விட்லோவுக்கு வியர்த்தது. கூடவே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

புகார் போனால் அவள் ஃபைல் மட்டுமா திறக்கும்? எல்லா ஃபைலும் திறக்கும்! சொந்தத் தொழில் செய்பவர்கள் யார் வந்தாலும் ‘மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார்’ என்று புளுகி எழுதி, கூலியை இரட்டிப்பாகக் கறப்பது அவன் வழக்கம். முடி வெட்டுபவர், குழாய் ரிப்பேர்காரர், பியானோ டீச்சர்... அவன் காகிதத்தில் அத்தனை பேரும் மின்சாரக் காரில் பறந்தார்கள். அவனுக்குத் தெரிந்தவரை, ரோட்டில் ஒருவரிடமும் அந்தக் கார் கிடையாது.

மாட்டினால் ஜெயில்!

“நாய் கழுவுறவ என்னை உள்ள தள்ளறதா?” பல்லைக் கடித்தான்.

அன்று மதியமே அவள் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனான். கையில் ஒரு டப்பா டோனட், இரண்டு காபி. அதில் ஒரு காபியில் தூக்க மாத்திரைத் தூள்...

“மன்னிச்சுக்குங்க மேடம். என் கைக்காசைப் போட்டு வரியைக் கட்டிடறேன்.”

“கட்டித்தான் ஆகணும்! காபி வாங்கிக் குடுத்தா குளிர்ந்துடுவேன்னு நினைச்சியா?”

திட்டிக்கொண்டே குடித்தாள். திட்டிக்கொண்டே கொட்டாவி விட்டாள். பாதித் திட்டில் மேஜைமேல் சாய்ந்தாள்.

வீட்டோடு ஒட்டிய கராஜ். சின்ன நீலக் கார். சுவரில் நாய் குளிப்பாட்டும் ஹோஸ்கள், சங்கிலிகள், அவற்றோடு சுருட்டி மாட்டிய ஒரு தடித்த கருப்பு வயர்... அவன் எதையும் கவனிக்கவில்லை. டிரைவர் சீட்டில் அவளைத் திணித்தான். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். ரேடியோ அலறியது! வீட்டுக்குள் இரண்டு நாய்களும் சேர்ந்து குரைத்தன. இந்த ரகளையில் என்ஜின் சத்தத்தை யார் கேட்டது?

கார்க் கண்ணாடிகளை இறக்கினான். கராஜ் கதவை மூடினான். நழுவினான்.

வரி கட்ட முடியாத பெண், கார்ப் புகையில் தற்கொலை. கச்சிதம்!

சாயங்காலம் திரும்பி வந்து, போலீசுக்கு அவனே போன் செய்தான்.

லெப்டினன்ட் ஒச்சோவா வந்தார். கராஜுக்குள் போனார். வெகுநேரம் கழித்து வாசலுக்கு வந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது.

“போயிட்டாங்களா சார்?” குரலை உடைத்துக் கேட்டான் விட்லோ.

“நீங்க என்ன பார்த்தீங்க?”

“ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன் சார். ஒரே புகை! என்ஜின் ஓடிக்கிட்டிருந்தது... இன்னும் கண் எரியுது சார்!”

“என்ஜினா?”

“ஆமா சார்!”

“புகை?”

“மூச்சே முட்டிப்போச்சு சார்!”

“அந்தக் கார்ல என்ஜினே இல்லையே மிஸ்டர் விட்லோ. அது மின்சாரக் கார்!”

விட்லோவின் வாய் பிளந்தது.

“நி... நிஜமாவே வாங்கிட்டாளா?”

“வாங்காம?” கராஜுக்குள்ளிருந்து ஒரு குரல்.

கராஜ் கதவு மேலே ஏறியது. தலை கலைந்து, கண் சிவந்து, கையில் நாய்ச் சங்கிலியோடு நின்றாள் டார்லீன்!

“கார் வாங்கினதா எழுதிடறேன்னு டிசம்பர்ல சொன்னியே! பொய்க்குக் கையெழுத்துப் போட மனசு வரல. அந்த வாரமே கடன் வாங்கி நிஜமாவே வாங்கிட்டேன்யா! உன்கிட்ட வந்தவங்கள்லயே கேணச்சி நான் ஒருத்திதான்!”

“மேடம்...”

“அந்தக் கார் என் சுயதொழில் வரியைத்தான் குறைக்கல. ஆயுசையாவது குறைக்காம விட்டுச்சே!”

சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தவளை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து இழுத்தார்கள். விலங்கு விழுந்த கைகளைப் பார்த்து விட்லோ அழுதான். இந்தத் தடவை நிஜமான அழுகை.

“என் தொழிலே போச்சே சார்...”

“சந்தோஷப்படுங்க!” விலங்கை இன்னொரு முறுக்கு இறுக்கினார் ஒச்சோவா. “ஜெயில்ல பார்க்கிற வேலைக்கு சுயதொழில் வரியே கிடையாது!”