குரங்கணிப் பாதையில் ஒரு குட்டி

"எல்லாரும் பஸ்ல போங்க. நான் நடந்துதான் வருவேன்!" என்றாள் ரோசி.

தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் அவர்களுடைய லயன் வீடு அன்று ஒரே அமளியாக இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், அடிவாரத்தில் இருக்கும் குரங்கணியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நடந்தால் பழைய பாதையில் நேரே இறங்கலாம். ஆனால் இரண்டு நாள் ஆகும்.

"பத்து வயசுப் பிள்ளை அம்புட்டுத் தூரம் நடக்குமா?" என்று அம்மா அன்னாள் முறைத்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன் மதினி" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் செபாஸ்டின் சித்தப்பா.

முதல் நாள் முழுக்கத் தேயிலைக்கு நடுவே மண்சாலை. ரோசி நடக்கவில்லை, துள்ளினாள். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் ஓடிப்போய், "சித்தப்பா, சீக்கிரம் வாங்க! இங்க அருவி தெரியுது!" என்று கத்தினாள்.

பின்னால் வந்த தோட்டத்து லாரி நின்றது. "ஏறிக்கிடுங்க" என்றார் டிரைவர். சித்தப்பா ஒரு காலைத் தூக்கியே விட்டார்.

"வேண்டாம்! ஒரு அடிகூட விடாம நடக்கணும்!" என்றாள் ரோசி.

சித்தப்பா பெருமூச்சு விட்டுக்கொண்டு காலைக் கீழே வைத்தார்.

அன்றிரவு மலை உச்சி ஊரான டாப் ஸ்டேஷனில் சித்தப்பாவின் நண்பர் வீட்டில் தங்கினார்கள். விடிந்ததும் ரோசி மலை விளிம்புக்கு ஓடினாள். கீழே, வெகு ஆழத்தில், வயலும் தோப்பும் குட்டிக் குட்டியாகத் தெரிந்தன.

"அதோ, அங்கதான் நம்ம பாதை முடியுது" என்று கை காட்டினார் சித்தப்பா.

இறங்க ஆரம்பித்தார்கள். புல்வெளி போய்க் காடு வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாதி வழி இறங்கியிருப்பார்கள். பாதை மிகவும் ஒடுங்கிய இடத்தில், கீழேயிருந்து அரிசி மூட்டை சுமந்து ஏறி வந்த கழுதைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் மூட்டையில்லாத கழுதை ஒன்று வழியை அடைத்து நின்றது. அதன் காலடியில், ஈரம் காயாத ஒரு குட்டி!

"இப்பத்தான் போட்டுச்சு பாப்பா" என்றார் கழுதைகளை ஓட்டி வந்த குருசாமி. "இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சு, சுமை ஏத்தாமக் கூட்டியாந்தேன். குட்டிக்கு நிக்க முடியல. தாயி யாரையும் கிட்ட விட மாட்டேங்குது. இங்க எதையும் திருப்பவும் முடியாது. மேல ஓடைக்கிட்ட கொண்டுபோயிட்டாப் போதும், அங்க இடம் இருக்கு."

"நான் தூக்குறேன்" என்று சித்தப்பா மீசையை முறுக்கிக்கொண்டு போனார். கழுதை ஒரு உதை விட்டது. மயிரிழையில் தப்பித்துத் திரும்பி வந்தார். மீசை தொங்கிப் போயிருந்தது.

ரோசி கழுதையையே பார்த்தாள். அது நாக்கை நீட்டி, பாறையில் கசிந்த ஈரத்தை நக்கியது.

"சித்தப்பா, அதுக்குத் தாகம்! நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் போங்க."

சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியில், பையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றித் தரையில் வைத்தாள். தள்ளிப்போய்ப் பாறையை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். கழுதை காதை மடக்கியது. முறைத்தது. பிறகு மடமடவென்று குடித்தது. அவள் சட்டியை மறுபடி நிரப்பினாள். இப்போது காது நிமிர்ந்தது. ரோசி மெல்ல நகர்ந்து குட்டியின் நெற்றியைத் தடவினாள். தாய்க்கழுதை அவள் தலையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.

"இனி தூக்கலாம் சித்தப்பா. மெதுவா வாங்க."

சித்தப்பா கம்பளியில் சுற்றிக் குட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் ரோசிக்கு உறைத்தது. ஓடை மேலே இருக்கிறது. இவ்வளவு நேரம் மூச்சு வாங்க இறங்கிய பாதையில் மறுபடி ஏற வேண்டும்!

"என்னட்டி, ஏறவா?" என்றார் சித்தப்பா.

ரோசி கீழே தெரிந்த தோப்புகளை ஒரு தரம் பார்த்தாள். "ஏறுங்க!" என்றாள்.

குட்டியின் தலையில் கை வைத்தபடி அவளும் ஏறினாள். தாய்க்கழுதை ஒட்டிக்கொண்டே வந்து சித்தப்பாவின் காதை நக்கியது. "ஐயோ, கூசுது! யாராவது அதுக்கிட்டச் சொல்லுங்களேன்!" என்று அவர் நெளிந்தார். பின்னால் மற்ற கழுதைகள் அசைந்து அசைந்து வந்தன.

ஓடைக்கரையில் குட்டியை இறக்கி விட்டார்கள். அது எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. நாலு காலும் நாலு பக்கம் போக, தள்ளாடித் தாயின் மடியைப் பிடித்துக்கொண்டது.

"குடிக்குது! குடிக்குது!" ரோசி குதித்தாள். குருசாமி தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினார்.

அதற்குப் பிறகு இறங்கியதை நடை என்று சொல்ல முடியாது. ரோசி பறந்தாள். "பொறுட்டி!" என்று கத்திக்கொண்டே சித்தப்பாவும் ஓடி வந்தார். வெயில் மஞ்சளாகும் நேரம், புளியமரங்களுக்கு நடுவே அத்தை வீட்டுப் பந்தல் தெரிந்தது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "மத்தியானமே வரணும்! ஏன் இம்புட்டு நேரம்?"

ரோசி பந்தக்காலைத் தொட்டுவிட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"முழுப் பாதையும் நடந்துட்டேம்மா. நடுவுல ஒரு இடம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதை மட்டும் மூணு தடவை நடந்தோம்!"