முதல் மடக்கு

காலையில் கடை திறந்ததும் நான் செய்கிற முதல் வேலை என் நாக்கை அணைத்து வைப்பது. புதிதாகக் கேட்பவர்கள் கொஞ்சம் மிரண்டுபோவார்கள். மிரள ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடி பொரியை மென்று, வெந்நீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, நாவுறை என்கிற மெல்லிய படலத்தை நாக்கின்மேல் ஒட்டிக்கொள்வேன். மூக்குக்குள் பட்டாணி அளவில் ஒரு மூக்குமணி. இரண்டும் சேர்ந்து என் சுவையையும் மணத்தையும் அடக்கிவிட்டு, வேறொருவருடையதை ஏற்றிவிடும். அதன்பிறகு மாலைவரை ஊரார் நாக்கால் விஸ்கியைச் சுவைத்துச் சொல்வதுதான் இந்தப் பிலவேந்திரனின் பிழைப்பு. வாயை நனைத்துவிட்டுத் துப்பிவிடுவேன். இதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

கடல் ஊருக்குள் வந்தபிறகு புதுச்சேரியில் தூண்கள் நட்டு எழுப்பிய மேல்தெருவில் இருக்கிறது என் கடை. விஸ்கி மட்டும்தான் விற்கிறேன். ஸ்காட்லாந்தில் வெயில் ஏறிப்போனதால் பார்லி இப்போது சைபீரியாவில் விளைகிறது. கொல்லிமலைக்காரர்கள் தினையை முளைகட்டி வடிக்கிறார்கள். மரப்பீப்பாயில் பல வருடம் ஊறினால் வரும் வாசத்தைச் சில நாட்களிலேயே ஏற்றிவிடும் விரைமூப்புச் சரக்கும் உண்டு. என் அலமாரியைப் பார்த்தால் குடிக்காமலே தலை சுற்றும். அதனால்தான் பரிசு வாங்க வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள்.

வருடாந்திர உடற்சோதனையில் ஒவ்வொருவரின் நாக்கையும் மூக்கையும் அளந்து ஒரு படி எடுத்து வைக்கிறார்கள். அதற்கு நாப்படி என்று பெயர். இனிப்பு எவ்வளவு ஏறுகிறது, கசப்பு எங்கே குத்துகிறது, எல்லாம் அதில் இருக்கும். குடும்பத்தாருக்கு அனுமதி கொடுத்திருந்தால், அவர்கள் பரிசு வாங்கும்போது என்னைப்போல உரிமம் உள்ளவர்கள் அதை ஏற்றிக்கொள்ளலாம்.

மனிதர்கள் சொல்வதற்கும் நாக்கு சொல்வதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. "எங்க மாமனாருக்குப் புகை வாசம் தூக்கலா இருந்தாத்தாங்க பிடிக்கும், பெரிய ரசிகர்" என்பார் மருமகன். மாமனாரின் நாப்படியைப் போட்டுப் பார்த்தால் அது பாயசம் கேட்கும். நான் தேன் வாசமடிக்கிற ஒன்றை எடுத்துக் கொடுத்து, "புகை இருக்குங்க, ஆனா மறைவா இருக்கும்" என்பேன். மாமனாரின் மானம் முக்கியம். சட்டமும் அதையேதான் சொல்கிறது. எந்த பாட்டில் என்று நான் சொல்லலாம். நாக்கு எப்படி என்று அதன் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

அன்று காலை வந்த அம்மாவின் பெயர் வர்ஷிதா. கணவர் பெயர் நிகிலன். இந்தப் பெயர்களைக் கேட்டாலே வயது தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் வைத்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு எங்க கல்யாண நாள் தம்பி. வருஷா வருஷம் சட்டைதான் எடுத்துக் குடுப்பேன். இந்த வருஷம் அவருக்கு நல்லதா ஒரு விஸ்கி வாங்கித் தரலாம்னு வந்தேன்."

"ஐயா வழக்கமா என்ன குடிப்பாங்கம்மா?"

"சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடில ஒரே ஒரு கிளாஸ். பேரெல்லாம் தெரியாது, மஞ்ச லேபிள். நான் வஞ்சிரம் வறுத்துக் குடுப்பேன்."

"விஸ்கிக்காக வறுவலா, வறுவலுக்காக விஸ்கியா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "வறுவலுக்காகத்தான் விஸ்கி. அவரு நாக்கு அப்படி. ஒரு வாய் வச்சதும் இன்னைக்கு சோம்பு கூட, மிளகு கம்மின்னு சொல்லிடுவாரு. ரெண்டு வருஷமா அடுப்படியை விட்டு நகர மாட்டேங்கறாரு தம்பி. நான் தாளிக்கறதைப் பாத்துக்கிட்டே நிக்கறாரு. கடல்சுவர் வேலை, கடல்சுவர் வேலைன்னு காலம் பூரா ஓடின மனுஷன். இப்பத்தான் எனக்குன்னு கிடைச்சிருக்காரு. அதான் இந்த வருஷம் சட்டை வேணாம்னு தோணிச்சு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. கிளம்பும்போது ஞாபகமாகக் கேட்டார். "முதல் மடக்கு நான் குடிக்கணும்ல? எனக்குப் பழக்கமே இல்ல."

"ஒரு சொட்டு போதும்மா. சாயங்காலம் வாங்க, எடுத்து வைக்கறேன்."

முதல் மடக்கு இல்லாமல் இப்போது யாரும் விஸ்கி பரிசு கொடுப்பதில்லை. கொடுப்பவர், பரிசைப் பெறப்போகிறவரின் நாக்கைத் தன் வாயில் ஏற்றிக்கொண்டு, அந்த பாட்டிலிலிருந்து முதல் வாயைக் குடிக்க வேண்டும். உனக்கு இது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் தருகிறேன் என்று அர்த்தம். அதைச் செய்யாமல் கொடுத்தால் கடைச் சரக்கை வாங்கிக் கையில் திணித்தான் என்று பேசுவார்கள்.

அவர் போனதும் நிகிலனின் நாப்படியை ஏற்றினேன். லேபிள் கண்ணில் பட்டால் மனசு சாயும் என்பதால் எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் அடியில் எண் மட்டும் போட்ட கிண்ணங்களில்தான் ஊற்றிவைப்போம். முதல் கிண்ணம் வெறும் சூடாக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். கருவி பழுதோ என்று நாவுறையை மாற்றினேன். உப்பை எடுத்து வாயில் போட்டேன்; மணலை மென்றதுபோல் இருந்தது. காப்பித் தூளை மூக்கருகே பிடித்தேன், ஒன்றுமில்லை. வேறொருவரின் நாப்படியை ஏற்றிப் பார்த்தால் உப்பு உப்பாகவே இருந்தது.

கருவியில் கோளாறு இல்லை. அந்த மனிதருக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. சோம்பு கூட, மிளகு கம்மி என்று சொல்கிற மனிதருக்கு.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இருந்தாலும் வேலை என்று ஒன்று இருக்கிறது. சுவையும் மணமும் போனபின் ஒரு விஸ்கியில் என்ன மிச்சம் இருக்கும்? சூடு இருக்கும். கனம் இருக்கும். தொண்டையில் இறங்குகிற விதம் இருக்கும். சிலது சுள்ளென்று சுட்டுவிட்டு ஓடியது, சிலது தண்ணீராய்ப் போனது. ஒன்று மட்டும் எண்ணெய்போல் நாக்கில் படிந்து, மெல்ல நெஞ்சுக்கு இறங்கி, அங்கேயே கதகதவென்று தங்கியது. அந்த நாக்குக்கு என்று ஒரு விஸ்கி இருக்குமானால் அது இதுதான். கிண்ணத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தேன். நார்வேத் தீவுச் சரக்கு, பீட் என்கிற சதுப்பு மண்ணை எரித்த புகையில் வாட்டிய மால்ட். புகை இருந்தால் என்ன, அந்த நாக்குக்குப் புகை என்று ஒன்றே கிடையாதே என்று எடுத்துவைத்தேன்.

சாயங்காலம் அந்த அம்மா முதல் மடக்கைக் குடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். நாக்கின் சொந்தக்காரரிடம் பேசச் சட்டம் இடம் தருகிறது. கூப்பிட்டேன். மதியமே வந்துவிட்டார். உயரமான மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்லக் கூடாதுங்க. சாயங்காலம் அவங்களே தெரிஞ்சுக்குவாங்க."

நிகிலன் தலையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு தம்பி, அதுல போச்சு. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னைக்கு அவ மீன் கொழம்பு வச்சிருந்தா. எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லாருக்குன்னேன். மறுநாளும் கேட்டா. அப்புறம் எங்க நிறுத்தறது?"

"சோம்பு, மிளகுன்னு கணக்காச் சொல்றீங்களாமே?"

"பக்கத்துல நின்னு பாத்துக்குவேன், எதை எவ்வளவு போடறான்னு. காலம் பூரா கான்கிரீட் கலவை பாத்த கண்ணுதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்படியை விட்டு நகராததன் காரணம் இதுதான். அந்த அம்மா அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்.

"அனுமதியை ரத்து பண்ணிடலாமே நீங்க?"

"பண்ணினா அவளுக்குத் தகவல் போயிடும். ஏன்னு கேப்பா." என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேற யாரு நாக்கையாவது போட்டுக் குடுங்க தம்பி. அவளுக்கு என்ன தெரியப்போகுது? நான் நல்லாருக்குன்னு சொல்றதுலதான் அவ முகமே மலருது."

"உரிமம் போயிடுங்க" என்று சொல்லத்தான் சொன்னேன். மனசு அதற்குள் இளகிவிட்டது. இரவல் கொடுக்க என் கையில் உரிமையுள்ள நாக்கு ஒன்றே ஒன்றுதான், என்னுடையது. அதையே ஏற்றி வைத்தேன்.

சாயங்காலம் வர்ஷிதா வந்தபோது கணவர் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க இங்க?"

"என் பரிசாச்சே. நானும் பாக்கறேன்" என்றார் நிகிலன், முகத்தைப் பார்க்காமல்.

அம்மா புது நாவுறையை ஒட்டிக்கொண்டு, மூக்குமணியை வைத்துக்கொண்டு, மருந்து குடிக்கிற பாவனையில் ஒரு சொட்டு நனைத்தார். புருவம் உயர்ந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். தப்பித்தோம் என்று நானும் நிகிலனும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம். ஆனால் அவர் கிண்ணத்தை வைக்கவில்லை. மறுபடி வாயில் வைத்தார், மறுபடியும் வைத்தார்.

"தம்பி, தீஞ்ச பால் வாடை பட்டா டம்ளரையே தள்ளி வைக்கற மனுஷன் இவரு. கத்திரிக்காயைச் சுட்டுச் செஞ்சா அந்தப் பக்கமே வர மாட்டாரு. இந்த நாக்கு என்னடான்னா புகையைத் தேடித் தேடிக் குடிக்குது. இது அவரு நாக்கு இல்ல. யாரோடது, உங்களோடதா?"

நான் திருதிருவென்று விழித்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம். புகையே தெரியாத நாக்கால் தேர்ந்தெடுத்த சரக்கை, புகைக்கு உயிரை விடுகிற என் நாக்கில் வைத்து, முப்பது நாற்பது வருடம் ஒரே மனிதருக்குச் சமைத்த பெண்ணிடம் நீட்டியிருக்கிறேன்.

"தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

"அவரோடதைப் போடுங்க."

நான் நிகிலனைப் பார்த்தேன். நாக்கு அவருடையது. அவர் பார்வை கீழே போகும் படகுகளுக்குப் போனது. பிறகு தலையசைத்தார்.

மாற்றி ஏற்றினேன். அம்மா ஒரு சொட்டு நனைத்தார். "ஓடுதா இது?"

"ஓடுதும்மா."

இந்த முறை ஒரு வாய் நிறையக் குடித்தார். சுட்டிருக்கும்; இருமினார், கண்ணில் நீர் வந்தது. கிண்ணத்தை மோந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"அந்தக் காய்ச்சல்லயா?"

"ஆமா."

"போன மாசம் வத்தக்கொழம்புல உப்பு போடவே மறந்துட்டேன். பிரமாதம்னீங்க."

"அன்னைக்கு போன் வந்துச்சு. பக்கத்துல நிக்கல."

"நானும் அதைத்தானே சாப்பிட்டேன். உங்களுக்கு அப்படிப் பிடிக்குது போலன்னு அன்னைலேந்து உப்பைக் குறைச்சே போடறேன். வாய்க்கு விளங்காம தின்னுக்கிட்டிருக்கேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் வர்ஷி..."

"நாக்கு போனா போவுது. அதுக்கா நான் கஷ்டப்படப் போறேன்? காது போயிருந்தா உங்களை விட்டுட்டா போயிருப்பேன்?" அதுவரை கட்டுக்குள் இருந்த குரல் உடைந்தது. "எதிர்ல நீங்க உக்காந்திருக்கீங்க. ரெண்டு வருஷமா நான் தனியாச் சாப்பிட்டிருக்கேங்க."

எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. எத்தனையோ பேருடைய நாக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், நாக்கைத் தெரிந்துகொண்டால் ஆளைத் தெரிந்துகொண்டதாக மார்தட்டியிருக்கிறேன். இப்படி ஒரு வாக்கியத்துக்கு எந்த பாட்டிலை எடுத்துக் கொடுப்பது? சும்மா இருப்பது அசிங்கமாக இருந்ததால், நாவுறையைக் கழற்றித் தரட்டுமா என்று கையை நீட்டினேன்.

அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். "இருக்கட்டும். இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாங்கும்மா. ஆனா கடையை விட்டு வெளிய கொண்டுபோகக் கூடாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், காலையிலிருந்து நான் மீறிய சட்டங்களோடு இதையும் சேர்த்துக்கொள் என்பது தெளிவாக இருந்தது. நான் மறுபக்கம் திரும்பி பாட்டிலைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தேன்.

"இதுல எதுதான் ஏறும்?" என்று கணவரிடம் கேட்டார்.

"காரம் ஏறும். சூடு தெரியும், ஜில்லுன்னு இருந்தாத் தெரியும்." நிகிலன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "முறுக்கு மாதிரி எதையாவது கடிச்சா அந்தச் சத்தம் நல்லாருக்கும்."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்த சட்டையைக் கவனித்து, நின்ற இடத்திலேயே அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டார். "வாங்க, நேரமாச்சு. இன்னைக்கு ஒண்ணாச் சாப்பிடலாம்."