ஒற்றைக் கொளுக்கி

"இங்கே தேவையில்லாத பொருள் ஒன்றும் இல்லை," என்று வரவேற்பு மேசையில் நின்ற பெண் பெருமையாகச் சொன்னாள். என் மனைவி மரியரஞ்சனி அறைக்குள் வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "தேவையானதும் ஒண்டையும் காணேல்லை," என்றாள்.

2005ஆம் ஆண்டு, நத்தார்ப் பண்டிகை முடிந்த மறுநாள் பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுத் தண்ணீர்க்குழாய் உறைந்து வெடித்துவிட்டது. வீடு காயும்வரை ஒஸ்லோ நகருக்குள், ஆற்றங்கரையில் புதிதாகத் திறந்த சின்ன ஹோட்டல் ஒன்றில் தங்கும்படி காப்புறுதிக் கம்பனிக்காரர் சொன்னார்கள். வெள்ளைச் சுவர், சாம்பல் தரை, ஒரு கட்டில், மகள் மேரினுக்கு ஒரு மெத்தை, ஒரு கதிரை, ஒரு ரெலிபோன். படம் இல்லை, அலுமாரி இல்லை, ரி.வி.யும் இல்லை.

"எங்கடை முதியோர் இல்லத்திலை ஆள் செத்தாப்பிறகு அறையைக் கழுவிவிட்டால் இப்பிடித்தான் கிடக்கும்," என்றாள் ரஞ்சி. அவள் அங்கேதான் வேலை செய்கிறாள். எட்டு வயது மேரின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு மரக் கொளுக்கி இருந்தது. ஒன்றே ஒன்று. ரஞ்சி என் கறுப்பு ஜக்கெற்றை அதில் மாட்டினாள். மற்ற இரண்டையும் கதிரையில் போட்டாள்.

நான் ஸ்ரனிஸ்லாஸ். இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். எனக்குத் தெரியாத தெரு இங்கே கிடையாது. ஆனால் பதினெட்டு வருடமாக இந்தத் தெரு ஒன்றை மட்டும் ஒதுக்கித் திரிந்தேன். ரக்ஸி இதற்குள்தான் திரும்பியது. வேறு கட்டடமாக இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டேன். படியேறும்போது எண்ணினேன். பதினொன்று, ஒரு திருப்பம், மறுபடி பதினொன்று. எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள், படிகளை மட்டும் மாற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே அதே ஆறு, அதே நடைபாலம், பாலத்தடியில் அதே சிவப்பு ரெலிபோன் கூண்டு.

1987இல் இது அகதிகளைத் தங்கவைக்கும் விடுதியாக இருந்தது. இதே அறையில்தான் நான் இருந்தேன். என்னோடு இரத்தினவேல் இருந்தான்.

அவன் இருந்தது விடுதிக்காரருக்குத் தெரியாது. கையில் ஒரு பத்திரமும் இல்லாமல் ஜேர்மனியிலிருந்து வந்தவன். திங்கட்கிழமை பொலிசில் பதியப் போவதாக இருந்தான். அதுவரைக்கும் ஒளித்து வைத்திருந்தேன். பதிவில்லாத ஆளை வைத்திருந்தால் என் அகதிக் கேசையும் தள்ளிவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ஜக்கெற். மாதா கோயில்காரர் பழந்துணிப் பெட்டியிலிருந்து தந்தது. நீலம், நப்தலின் உருண்டை மணக்கும். ஒருவன் போட்டுக்கொண்டு வெளியே போனால் மற்றவன் உள்ளே இருப்பான். திரும்பி வருபவன் கதவில் மூன்று தட்டுத் தட்டுவான். ஜக்கெற் கை மாறும். அதுதான் முறை.

பனி கொட்டிய ஒருநாள், மூன்று மணி இரத்தினவேலின் முறை. பாலத்தடிக் கூண்டிலிருந்து அவன் எடுப்பான், கொழும்பில் பக்கத்து வீட்டு ரெலிபோனுக்கு அவனுடைய மனைவி தேவிகா வந்து காத்திருப்பாள். கலியாணம் முடித்து ஆறே மாதம். நான் மூன்று மணிக்கு முன்னமே வந்துவிடுவதாகச் சொல்லிப் போனேன். போன இடத்தில் ஊர்ப் பெடியள் சோறும் மீன்குழம்பும் சமைத்திருந்தார்கள். மூன்று கிழமையாகக் கிழங்கு தின்ற வாய். சாப்பிட்டேன், கதைத்தேன், மறந்துபோனேன். ஐந்து மணிக்கு வந்து மூன்று தட்டுத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை.

அவன் ஜக்கெற் இல்லாமல் வெறும் சேட்டோடு போயிருக்கிறான்.

மறுநாள் ரெலிபோன் கூண்டடியில் விறைத்துக் கிடந்த உடலை எடுத்தார்கள். பொலிஸ் அறையறையாகப் படம் காட்டிக்கொண்டு வந்தது. இவரைத் தெரியுமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பேரில்லாமல் புதைத்தார்கள். தேவிகாவுக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கோழை என்றால் நான்தான் கோழை. அதைக் கட்டிய மனைவிக்கும் சொன்னதில்லை.

இரண்டாம் நாள் ரஞ்சி வேலைக்குப் போயிருந்தாள். மேரின் தரையில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மார்கழியில் இங்கே மூன்று மணிக்கே பொழுது சாயத் தொடங்கிவிடும்.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

திறந்தேன். நடையில் ஒருவரும் இல்லை. உள்ளே திரும்பியபோது நப்தலின் மணத்தது.

மாலை ரஞ்சி வந்ததும் கொளுக்கியில் கை வைத்துப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையைத் தனிய விட்டிட்டு வெளியிலை போனனீங்களோ?"

"இல்லையே."

"பிறகேன் ஜக்கெற் ஈரம்? தோளிலை பனியெல்லாம் கிடக்குது."

மேரின்தான் படத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அது அந்த மாமா போட்டுக்கொண்டு போனவர்."

"எந்த மாமா?"

"சேட்டு மட்டும் போட்டவர். இண்டைக்கு ஆருடைய முறை எண்டு கேட்டவர். எனக்குத் தெரியாது, அப்பாவைக் கேளுங்கோ எண்டனான்."

பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று ரஞ்சி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் கீழே போய், வேறு அறை தரும்படி கெஞ்சினேன். ஒன்றும் காலியில்லை என்றார்கள். காப்புறுதிக்காரரும் கையை விரித்தார்கள்.

"அறைக்கு என்ன குறை? ஏன் நிண்டு துடிக்கிறியள்?" என்று ரஞ்சி கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எனக்குக் காலை வேலை. ரஞ்சிக்குப் பின்னேர வேலை. அவள் இரண்டேகாலுக்கு வெளிக்கிட வேண்டும், நான் இரண்டரைக்கு வந்துவிடுவேன். நடுவில் கால் மணி நேரம்தான். "ஆர் தட்டினாலும் திறக்கப்படாது," என்று மேரினிடம் பத்துத் தரம் சொன்னேன்.

பனி கொட்டியது. மேட்டுத் தெருவில் ஒரு லொறி குறுக்கே நின்றது. என் பஸ் அதற்குப் பின்னால் அகப்பட்டது. இரண்டரையும் போனது, மூன்றும் போனது. அறைக்கு ரெலிபோன் அடித்தேன். எடுக்கவில்லை. நான் மறுபடியும் பிந்திவிட்டேன்.

மூன்று இருபதுக்குப் படிகளில் பாய்ந்து ஏறினேன். கதவு திறந்து கிடந்தது.

மேரின் இல்லை.

அவளுடைய சிவப்பு ஜக்கெற் கொளுக்கியில் தொங்கியது.

எங்கே போவது என்று நான் யோசிக்கவில்லை. கால்கள் தாங்களே போயின. பனியில் சின்னக் காலடிகள் ஆற்றங்கரைப் பக்கமாகப் போயிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் வேறு காலடி எதுவும் இல்லை.

ரெலிபோன் கூண்டுக்குள் அவள் நின்றாள். மெல்லிய சட்டை. உதடு நீலம். றிசீவரைக் காதோடு வைத்திருந்தாள்.

"மேரின்!"

"சத்தம் போடாதேங்கோ அப்பா," என்று அவள் மெல்லச் சொன்னாள். "அன்ரி கதைக்கிறா. மாமாவுக்கு விரல் விறைச்சுப்போச்சாம், பிடிக்க ஏலாதாம். அதுதான் நான் பிடிக்கிறன்."

என் ஜக்கெற்றைக் கழற்றி அவளைச் சுற்றிப் போர்த்தினேன். றிசீவரைப் பறித்தேன். அதன் வயர் அறுந்து வெறுமனே தொங்கியது.

ஆனாலும் கேட்டது.

"ஹலோ? நீங்களோ? நான் எவ்வளவு நேரமாய் நிக்கிறன்..."

இளம் பெண்ணின் குரல். அழுகையை அடக்கிக்கொண்டு கதைத்தாள்.

"ஆர் அங்கை? அவரோடை இருக்கிற ஆளோ? அவர் எங்கை? சொல்லுங்கோவன்."

சொல்லியிருக்க வேண்டும். பேர் தெரியும், நடந்தது தெரியும், பதினெட்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த கதை. ஒரு வசனம் போதும். நான் றிசீவரை வைத்துவிட்டேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது ஜக்கெற் அவள்மேல் இருந்தது, எங்கேயும் சத்தியம் பண்ணுவேன். ஹோட்டல் வாசலில் பார்த்தபோது இல்லை.

"மாமா வாங்கினவர்," என்றாள் மேரின். பல்லுக் கிட்டியது. "அவருக்குத்தான் கூடக் குளிர்."

ஒரு இரவு ஆசுப்பத்திரியில் வைத்திருந்தார்கள். தேறிவிட்டாள். வழி தவறிப் போய்விட்டாள் என்று ரஞ்சிக்குச் சொன்னேன். அவள் என் முகத்தைக் கனநேரம் பார்த்தாள். வீடு காய்ந்ததும் திரும்பிப் போனோம்.

தேவிகாவைத் தேடினேன், அதையாவது செய்தேன். ஸ்ட்ரோம்மனில் இருக்கும் செபஸ்ரியன், கோயிலில் பழக்கமானவன், ஆள் மாறி ஆள் விசாரித்துச் சித்திரையில் அவளுடைய ரெலிபோன் இலக்கம் கொண்டுவந்து தந்தான். கொழும்பு, வெள்ளவத்தை. அவள் மறுமணம் செய்யவில்லையாம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாளாம். கடதாசியை மடித்துப் பணப்பையில் வைத்தேன். நாளைக்கு எடுப்போம் என்று நினைத்தேன். வைகாசி போனது, ஆனியும் போனது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. பல்கனிக் கதவைத் திறந்து வைத்தும் வியர்த்து வழிந்தது. ரஞ்சி ஐஸ் போட்டுத் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக்கொண்டிருந்தாள். சுவர் மணிக்கூட்டில் மூன்று.

எங்கள் வாசலில் அழைப்பு மணி இருக்கிறது. அதை யாரும் அடிக்கவில்லை.

தட்டினார்கள். மூன்று தட்டு.

திறந்தேன். ஒருவரும் இல்லை. கைபிடியில் என் கறுப்பு ஜக்கெற் தொங்கியது. அதன் தோளில் இன்னும் கரையாத பனி. உள்ளே கையை விட்டேன். இப்போதுதான் யாரோ கழற்றித் தந்ததுபோல உடம்புச் சூடு இருந்தது.

எனக்குப் பின்னால் மேரின் வந்து நின்றாள்.

"அப்பா, இப்ப உங்கடை முறையாம்."

ரஞ்சி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே பணப்பையைத் திறந்தேன். கடதாசியைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். ஒரே அடிப்பில் எடுத்தாள். வயது ஏறிய குரல்தான், ஆனால் அதே குரல்.

"நான்... நோர்வேயிலை இருந்து கதைக்கிறன்," என்றேன். "என்ரை பேர்..."

"ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை," என்றாள் அவள். "தெரியும். இப்பதான் அவர் எடுத்துக் கதைச்சிட்டு வச்சவர். அடுத்தது நீங்கள் எடுப்பியளாம். எல்லாத்தையும் நீங்கள் சொல்லுவியளாம்."