நான்காம் பிரஸ்ஸின் இரண்டரை மணி நேரம்

வெள்ளி, காலை 9.10. பெங்களூரு பீன்யாவில் தகடு வெட்டும் ஒரு சிறு தொழிற்சாலை. முதலாளி ஸ்ரீவித்யாவின் மேசையில் ஒரு தாள் கிடந்தது. திங்கள் முதல் வியாழன் வரை, தினமும் மதியம் 1.30 முதல் 4 மணி வரை நான்காம் பிரஸ் ஓடவில்லை என்றது அது. அந்த மெஷின் சரசுவுடையது. பதினொரு வருட வேலை அன்றோடு போகவிருந்தது.

வேலை மட்டுமல்ல. அன்று மூன்று மணிக்கு ஒரு விபத்தை விசாரிக்க அரசு ஆய்வாளர் வருகிறார். போன மாதம் பார்கவி என்ற தொழிலாளியின் இரண்டு விரல்கள் பிரஸ்ஸில் நசுங்கின. அப்போது அருகில் இருந்த ஒரே சாட்சி சரசு.

ஸ்ரீவித்யா யசோதாவை வரவழைத்தாள். நீலசந்திராவில் ஒரு மாடி அறையில் கருவிகள் செய்து விற்பவள் யசோதா. மெஷின் எப்போது ஓடுகிறது என்று குறிக்கும் கருவியை இங்கே பொருத்தியவளும் அவள்தான். மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் ஒன்றை ஒரு சின்னக் கிளாம்ப் கவ்வியிருக்கும். அதில் கரண்ட் ஓடினால் நேரம் பதிவாகும். அவ்வளவு எளிமை.

10.30. சரசு அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"நான் வேலை பண்ணாம சும்னே நின்னிருந்தா, வெட்டின பீஸ் போடற டப்பா எப்படிக்கா ரொம்பும்?"

எண்ணிக்கையை அவளே எழுதிக்கொள்கிறாள், அதை நம்ப முடியாது என்றான் உற்பத்தித் திட்டம் போடும் பொறியாளன் ப்ரஹ்லாத். கருவி பொய் சொல்லாது என்றும் சேர்த்துக்கொண்டான். யசோதாவுக்கு அதில் மறுப்பில்லை. தன் கருவி மேல் அவளுக்கு நம்பிக்கை உண்டு. நான்கு நாளும் நிமிடம் பிசகாமல் ஒரே நேரம் என்பதுதான் அவளுக்கு இடித்தது.

11.15. மின் பெட்டியைப் பார்த்தாள். கிளாம்ப் சரியாகவே இருந்தது. பெட்டியைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். சாவி இரண்டே பேரிடம்: சூப்பர்வைசர் டென்சில், ப்ரஹ்லாத். சாப்பாட்டு இடைவேளை எப்போது என்று விசாரித்தாள். ஒன்றிலிருந்து ஒன்றரை. டீ நான்கு மணிக்கு.

12.00. ஸ்ரீவித்யாவின் அறை. நான்கு நாளும் அதே மெஷினா என்று கேட்டதற்கு, புதன் மட்டும் இல்லை என்றிருந்தாள் சரசு. புதன்கிழமை சரசு எந்த மெஷினில் இருந்தாள் என்று யசோதா டென்சிலைத் தனியாகக் கேட்டாள். ஆறாவது பிரஸ் ஓட்டும் ஷோபாவுக்குத் தோள்வலி என்பதால் அன்று காலை ஷோபாவை நான்காவதுக்கும் சரசுவை ஆறாவதுக்கும் தானே மாற்றியதாகவும், லிஸ்ட்டில் எழுதாமல் வாய்ப்பேச்சாகவே விட்டுவிட்டதாகவும் சொன்னான் அவன். அடுத்து ப்ரஹ்லாத்.

"புதன்கிழமை சரசு எந்த மெஷின்ல இருந்தாங்க சார்?"

"நாலாவதுல. வேற எங்க?"

"பார்த்தீங்களா?"

"டியூட்டி லிஸ்ட்ல இருக்கே."

யசோதா ஸ்ரீவித்யாவின் பக்கம் திரும்பினாள்.

"என் கருவிக்கு மெஷினைத்தான் தெரியும் மேடம், ஆளைத் தெரியாது. ஆபீஸ் லிஸ்ட்டைப் பார்த்து நீங்கதான் பேரைச் சேர்க்கறீங்க. புதன்கிழமை சரசு அக்கா ஆறாவதுல முழு நாளும் ஓட்டியிருக்காங்க, அது பதிவாகியிருக்கு. அப்பவும் நாலாவதுதான் நின்னதா காட்டுது. சரசு அக்காவை மாட்டிவிட நினைச்ச ஆளுக்கு, அவங்க இடம் மாறினது தெரியல. டென்சில் சாருக்குத் தெரியும், மாத்தினதே அவர்தான். மிச்சம் ஒரு சாவி."

எப்படி என்று கேட்டாள் ஸ்ரீவித்யா. யசோதா நான்காம் பிரஸ்ஸை நிறுத்திப் பெட்டியைத் திறந்தாள். கிளாம்ப்பை ஒரு ஒயரிலிருந்து எடுத்து மூன்றையும் சேர்த்துக் கவ்வ வைத்து, பெட்டியை மூடினாள். மெஷின் தடதடவென ஓடியது. கருவி பூஜ்யம் காட்டியது. மூன்று ஒயர்களின் கரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று விளக்கினாள். மெஷின் நிற்கும் சாப்பாட்டு வேளையில் மாற்றி, டீ வேளையில் திருப்பி வைத்திருக்கிறான் ப்ரஹ்லாத். அதனால்தான் அந்த நேரம் இம்மி பிசகவில்லை.

ப்ரஹ்லாத் தன் சாவியை ஸ்ரீவித்யாவிடம் நீட்டினான். பிறகு, உற்பத்தி கூடட்டும் என்று பார்கவியின் பிரஸ்ஸில் விரலைக் காக்கும் தடுப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னது தான்தான் என்று ஒத்துக்கொண்டான். வேலை செய்யாமல் ஏமாற்றியவள் என்று பெயர் வந்துவிட்டால் சரசுவின் சாட்சி எடுபடாது என்று நினைத்தானாம்.

3.00. ஆய்வாளர் நோட்டைத் திறந்தார். சரசு முதலாளியைப் பார்த்தாள். இந்தச் சாட்சி தன் தொழிற்சாலையையே பாதிக்கும் என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரியும்.

"உள்ளதைச் சொல்லுங்க சரசு," என்றாள்.

சரசு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தடுப்பு இல்ல சார். கழட்டி ரெண்டு வாரம் ஆகியிருந்துச்சு."