கொடியில் ஒரு நீலச் சட்டை

பூட்டிக் கிடந்த சலவைக்கடையை அம்மா திறந்தபோது ஈரத்துணி வாடை குப்பென்று அடித்தது. மாதக்கணக்கில் அங்கே ஒரு துணியும் நனையவில்லை. அண்ணன் போனதிலிருந்து அம்மாவும் குருவியும் அத்தை வீட்டில்தான் இருந்தார்கள். பன்னிரண்டு வயது மகளுக்குக் குருவி என்று செல்லப்பெயர் வைத்ததும் அந்த அண்ணன்தான்.

அன்னியப் படை ஊரைப் பிடித்திருந்த காலம் அது. காட்டில் ஒளிந்து போராடியவர்களின் காயங்களுக்கு டாக்டரம்மா கட்டுப் போட்டார். அந்தக் கட்டுத்துணிகளைக் கொதிக்கவைத்துக் கொடுத்தது இந்தக் கடை. கடைக்குள் சிப்பாய்கள் இருந்தால் மாடிக் கொடியில் அண்ணனின் நீலச் சட்டை தொங்கும். பார்த்தவர்கள் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார்கள்.

அண்ணனைத் தேடிவந்த சிப்பாய்கள் உள்ளே காத்திருந்த ஒருநாள் மழை வந்தது. சலவைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மழை என்றால் கை தானாகக் கொடிக்குப் போகும். மாடியில் நின்ற குருவி எல்லாத் துணியையும் வாரி எடுத்தாள்.

நீலச் சட்டையையும்.

காலிக் கொடியை நம்பி அண்ணன் சீட்டியடித்தபடி வந்து சிப்பாய்கள் கையில் மாட்டினான்.

அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அம்மா அவனை அடக்கம் செய்தாள். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையே என்று குருவி தலையணைக்குள் அழுதாள்.

"கடையை எதுக்கும்மா மறுபடி திறக்கணும்?"

"காயம்பட்டவங்க நாம அழுது முடிக்கிறவரைக்கும் காத்திருப்பாங்களாடி? நேத்து கொடுத்த கட்டுத்துணியை வாங்கிட்டுப் போக டாக்டரம்மா சாயங்காலம் வர்றாங்க. அடுப்பைப் பத்தவை."

வெளிச்சம் மங்கி மழை பிடித்தது. கதவு தடதடத்தது. அம்மா கட்டுத்துணி அண்டாவின் மேல் ஒரு போர்வையை வீசினாள். ஓர் அதிகாரியும், தொப்பலாக நனைந்த இளம் சிப்பாயும் உள்ளே வந்தார்கள்.

"இங்க யார் வர்றாங்கன்னு உக்காந்து பாப்போம்," என்று அதிகாரி மாடிப்படியை மறித்து நாற்காலியைப் போட்டான். "ரெண்டு பேரும் அசையக் கூடாது."

சிப்பாய் வெடவெடவென்று நடுங்கினான். அண்ணன் வயதுதான் இருக்கும். அம்மா உலர்ந்த துண்டு ஒன்றை நீட்டினாள்.

"தலையைத் துவட்டுப்பா. சளி பிடிச்சுக்கும்."

"மாப்பிள்ளை உபசாரமா?" அதிகாரி சிரித்தான். சிப்பாய் கண்ணைத் தாழ்த்தித் துண்டை வாங்கிக்கொண்டான்.

மாடிக் கொடி காலி. டாக்டரம்மாவின் சைக்கிள் வரும் நேரம். கடவுளே, இந்த ஒரு உயிரையாவது, என்று குருவி மனதுக்குள் கெஞ்சினாள்.

சொட்டு.

மாடியில் எதுவோ சொட்டியது.

பிறகு துணியைப் பிழியும் சத்தம். உதறும் சத்தம். படார் என்று, அண்ணன் உதறுவது போலவே.

அம்மா மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள்.

"மேல யாரு?" அதிகாரி கையசைக்க, சிப்பாய் ஏறிப் போனான். இறங்கி வந்தபோது அவன் உதடுகள் வெளுத்திருந்தன.

"யாருமில்லைங்கய்யா. துணிதான் தொங்குது."

"மழையில துணி காயப்போடற சலவைக்காரியை இப்பத்தான் பாக்கறேன்!"

சிப்பாய் குருவியின் பக்கத்தில் வந்து நின்று கிசுகிசுத்தான்.

"நீலச் சட்டை. தொட்டேன். உள்ள ஆள் இருக்கிற மாதிரி சூடா இருந்துச்சு."

தெருமுனையில் சைக்கிள் மணி ஒருமுறை ஒலித்தது.

நின்றது.

பிறகு தூரத்தில் கேட்டது. அப்புறம் கேட்கவேயில்லை.

அதிகாரி வெகுநேரம் காத்திருந்து, சலித்துத் திட்டிக்கொண்டே சிப்பாயோடு போனான். அம்மாவும் மகளும் மாடிக்கு ஓடினார்கள்.

அதே சட்டை. அடக்கத்தன்று வேறு நூல் கிடைக்காமல் அம்மா வெள்ளை நூலால் தைத்த அதே கழுத்துப் பொத்தான்.

மழை வலுத்தது. பழக்கத்தில் அம்மாவின் கை கொடிக்குப் போயிற்று. குருவி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதம்மா. இருக்கட்டும்."

அம்மா அவளை இறுக அணைத்து, அத்தனை மாதம் அடக்கிவைத்த அழுகையை அழுதாள். "அவனுக்கு உன்மேல கோபமில்லடி, கண்ணு. எனக்கும் இல்ல."

காலையில் கொடியில் இரண்டு கிளிப்புகள் மட்டுமே இருந்தன.

போர் முடிந்து அந்தப் படை போய்விட்டது. அண்ணனின் சட்டை மறுபடி கொடிக்கு வரவில்லை. ஆனாலும் மழை பெய்யும்போதெல்லாம், அந்தக் கொடிக்குக் கீழே ஒரு சட்டை அகலத்துக்குத் தரை நனைவதில்லை. குருவி போய் அங்கே நின்றுகொள்வாள்.