நாய்க் கொட்டகைக்கு மேலே சிவப்பு

மூன்றாவது நாளும் அந்தச் சிவப்பு அங்கேயே இருந்தது.

நண்பகல் நேரம்தான். ஆனால் டிசம்பர் மாதத்தில், வடதுருவத்துக்கு அருகே இருக்கும் லாங்யர்பியனில் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. ஊரே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தது. மலைமேல் இருக்கும் வான் ஆய்வகம் இந்த வாரம் மதிய வானத்தைப் படம் பிடிக்கிறது. கீழே வெளிச்சம் இருந்தால் படம் கெட்டுவிடும். யார் வீட்டிலாவது விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் வேலையைப் பள்ளியில் சுன்னிவாவுக்கும் ஐலிஃபுக்கும் கொடுத்திருந்தார்கள்.

கடைசித் தெருவின் முடிவில் ஹல்வாரின் நாய்க் கொட்டகை. அதன் கூரைக்கு மேலே வானத்தில் மங்கலாக ஒரு சிவப்பு படர்ந்திருந்தது.

"ஏமாத்தறார்," என்றான் ஐலிஃப். "உள்ள சிவப்பு விளக்கு வச்சிருக்கார். நானே பார்த்திருக்கேன்."

சுன்னிவாவும் பார்த்திருக்கிறாள். கண் திறக்காத நான்கு குட்டிகளுக்குச் சூடு கொடுக்கும் விளக்கு அது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அம்மாவிடம் சொன்னால், அதைக் கழற்றச் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் இரண்டு நாளாக அவள் வாயைத் திறக்கவில்லை.

"துருவ ஒளியா இருக்குமோ?" என்று ஐலிஃப் கேட்டான். அவன் கோடையில்தான் தெற்கே பெர்கன் நகரத்திலிருந்து வந்தவன். அங்கே வானம் என்றாலே மழைதான்.

சுன்னிவா தலையாட்டி மறுத்தாள். அவள் முன்பு இருந்த ஊரில் துருவ ஒளி மாலையில் வரும், பச்சையாக ஆடும். வானத்தின் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்களைச் சின்னஞ்சிறு துகள்கள் வந்து மோதுமாம். கிடைத்த சக்தியை அணு ஒரு நொடிகூட வைத்திருக்காதாம். பச்சை வெளிச்சமாக வீசிவிடுமாம். இதெல்லாம் அம்மா சொன்னது. இந்தச் சிவப்போ ஆடவும் இல்லை, அசையவும் இல்லை.

பனிக்கரடிக்குப் பயந்து ஓடிவருபவர்கள் நுழைந்துகொள்ளட்டும் என்று லாங்யர்பியனில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. சுன்னிவா கதவைத் தள்ளினாள்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹல்வார் குட்டிகளின் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்திருந்தார். சன்னலில் கோணிப்பைகளை ஆணியடித்து மாட்டியிருந்தார்.

"கதவைச் சாத்து," என்றார். "வெளிச்சம் போகுது."

"அணைக்கணும்னு சொன்னாங்களே?"

"அணைச்சா இதுங்க விறைச்சுப் போயிடும். அதான் மூடி வச்சிருக்கேன். ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே போகாது."

"வானத்துல தெரியுதே."

"அது என்னுது இல்ல."

மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று சுன்னிவா நினைத்தாள். அவரையே முறைத்துப் பார்த்தபடி கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தாள்.

விளக்கு சட்டென்று போய்விட்டது. குட்டிகள் கீச்சிட்டன.

அவள் வெளியே ஓடினாள். சிவப்பு அப்படியே இருந்தது.

"இன்னொரு விளக்கை எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கார்," என்றான் ஐலிஃப்.

சுன்னிவா வானத்தையே பார்த்தாள். இப்போது சிவப்பு மங்கத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, போக மனமில்லாததுபோல் மங்கியது. அவள் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். நூறு தாண்டியும் அடையாளம் மிச்சமிருந்தது.

விளக்கு இப்படி அணையாதே! அம்மா சொன்ன அணுக்களில் மெதுவானவையும் உண்டோ?

உள்ளே ஓடிச் சுவிட்சைப் போட்டாள். குட்டிகளின் கீச்சொலிக்கு நடுவே பேச்சுக் கேட்க, கைபேசியைச் சட்டைக்குள் வைத்து, தலையையும் உள்ளே நுழைத்துக்கொண்டு அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, மெதுவா வெளிச்சம் விடற ஆக்சிஜன் இருக்கா?"

"சிவப்பைப் பார்த்தியா? அதைத்தான் நாங்க படம் பிடிக்கிறோம். இங்க மதியத்துலதான் அது நல்லா வரும்."

சிவப்பு ஒளியும் ஆக்சிஜன்தானாம். ஆனால் அது இன்னொரு வகைச் சக்தி. அதை வெளியே விட அணு கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுமாம். வானத்தில் தாழ்வான இடத்தில் காற்றுத் துகள்களின் கூட்டம் அதிகம். அதற்குள் யாராவது இடித்து, அந்தச் சக்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள். வெளிச்சமே வராது. மிக மிக உயரத்தில் இடிக்க ஆளில்லை. அதனால் நிதானமாகச் சிவப்பாக ஒளிரும்.

"ஏன் கேட்டே? ஏதாவது விளக்கு எரியுதா?"

சட்டைக்குள்ளிருந்து சுன்னிவா ஹல்வாரை எட்டிப் பார்த்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு எரியுது. குட்டிகளுக்காக. வெளிய வெளிச்சம் வரலேன்னா எரியலாமா?"

"நீ சுத்திப் பார்த்துச் சொல்லு. நான் நம்பறேன்."

சுன்னிவா கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்பக்கம், பலகைக்கும் பலகைக்கும் நடுவே, நூல்போல் ஒரு வெளிச்சம் கசிந்தது. தன் கையுறையைக் கழற்றி அந்த இடுக்கில் திணித்தாள். இனி வெளிச்சம் வராது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து, குளிர்ந்த கையை நாய்க்குட்டியின் வயிற்றடியில் வைத்துச் சூடுபடுத்திக்கொண்டாள்.

"இன்னும் சந்தேகமா?" என்று ஹல்வார் கேட்டார்.

"உங்க மேல இல்ல," என்றாள் சுன்னிவா. "பலகை மேலதான்."

ஹல்வார் எழுந்து சுத்தியலைத் தேடினார்.